பழைய படங்கள், வரைபடங்கள், போட்டோக்களைச் சுவரில் மாட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரவி வர்மா அச்சுப் படம், சிவகாசி காலண்டர் படம், மதராஸ் மாகாண வரைபடம், நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய கோயில் புகைப்படம், நம் வீட்டு ஸ்டூடியோ போட்டோ. இவற்றைத் தேடி எடுத்து, கண்ணாடி போட்டு மாட்டும் வேலையைப் பல வருடமாக ஆசையோடு செய்துவருகிறேன். வீடு கட்டுகிறவர்களும் வெள்ளையடிக்கிறவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதிவைக்கிறேன்.

எந்தப் படத்திலிருந்து தொடங்குவது?

உங்கள் வீட்டுப் பரணிலிருந்து. கடைக்குப் போவதற்கு முன்னால் பரண், பீரோவின் அடித்தட்டு, ஊரில் பூட்டிக் கிடக்கும் அறை மூன்றையும் பாருங்கள். கண்ணாடி உடைந்ததால் ஓரமாக வைத்த லட்சுமி படம், துணியில் சுற்றிய கல்யாண குரூப் போட்டோ, பத்திரக்கட்டோடு மடித்து வைத்த நில வரைபடம், ஏதாவது ஒன்று கிடைக்கும். அதை மாட்டிய பிறகு, அதற்குத் துணையாக எது வேண்டும் என்று யோசிக்கலாம். சோபாவின் நிறத்துக்கு ஏற்ற படம் தேடினால், சோபாவை மாற்றும்போது படமும் போய்விடும்.

கிடைத்த படத்தில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

அடி ஓரத்தை. படத்துக்குக் கீழே உள்ள வெள்ளைப் பட்டையில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர், ஊர், சில சமயம் ஓவியரின் பெயர், வரிசை எண் எல்லாம் இருக்கும். பழைய ஸ்டூடியோ போட்டோ என்றால், அது ஒட்டியிருக்கும் அட்டையின் கீழே ஸ்டூடியோ பெயரும் தெருவும் பொன்னிற எழுத்தில் இருக்கும். சில அட்டைகளில் மை இல்லாமல் வெறும் அழுத்தமாகப் பதித்திருப்பார்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால்தான் அந்த எழுத்து எழும்பித் தெரியும். வரைபடமானால் ஆண்டும் அளவுகோலும் ஒரு மூலையில் இருக்கும். பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். பென்சிலில் யாராவது ஒரு தேதி எழுதியிருக்கலாம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. எங்கள் பாட்டி வீட்டில் கூடத்து வாசலுக்கு மேலே ஒரு சரஸ்வதி படம் இருந்தது. மரச் சட்டம் கரையான் அரித்ததால் புதுச் சட்டம் போடக் கொடுத்தோம். திரும்பி வந்தபோது சட்டம் பளபளவென்று இருந்தது, படத்தின் அடிப் பட்டை மட்டும் இல்லை. புதுச் சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று கடைக்காரர் முக்கால் அங்குலம் வெட்டியிருந்தார். அந்தப் பட்டையில்தான் அச்சகத்தின் பெயர் இருந்தது. சின்ன வயதில் நாற்காலி போட்டு ஏறி ஒவ்வொரு எழுத்தாக அதைப் படித்திருக்கிறேன், ஆனால் அங்கே என்ன எழுதியிருந்தது என்று இன்றைக்கு என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்தச் சரஸ்வதி இன்னும் என் வீட்டில் இருக்கிறாள். எந்த அச்சகம், எந்தக் காலம் என்று தெரிந்துகொள்ள வழி இல்லாமல் போய்விட்டது. அன்றிலிருந்து கடையில் படத்தைக் கொடுக்கும்போதே, ‘ஒரு நூல்கூட வெட்டக் கூடாது, சட்டத்தைப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள்’ என்று சொல்லி, பில்லிலும் எழுதி வாங்குகிறேன்.

எங்கள் வீட்டு ரவி வர்மா படம் பழைய அச்சா, இந்தக் கால மறு அச்சா? எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு பூதக்கண்ணாடி போதும். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும், கடிகாரக் கடைக்காரர்கள் கண்ணில் வைக்கும் வகை இன்னும் நல்லது.

ரவி வர்மா (1848–1906) 1894ல் பம்பாயில் கல்லச்சகம் (கல்லின் மேல் வரைந்து, அதிலிருந்து தாளில் அச்செடுக்கும் இடம்) தொடங்கினார். எண்ணெய் ஓவியம் அரண்மனைகளுக்குள் அடங்கிவிடும், அச்சடித்தால் எல்லா வீட்டுக்கும் போகும் என்று அவருக்கு யோசனை சொன்னவர் திருவாங்கூரில் திவானாக இருந்த டி. மாதவ ராவ். ஜெர்மனியிலிருந்து இயந்திரமும் தொழில் தெரிந்தவர்களும் வந்தார்கள். பிறகு அச்சகம் லோனாவாலா பக்கம் மளவ்லிக்குப் போனது. அதை ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியர் வாங்கி நடத்தினார். 1972ல் பிடித்த தீயில் அச்சகம் எரிந்துபோனது. அடி ஓரத்தில் ‘கார்லா, லோனாவாலா’ என்று ஆங்கிலத்தில் இருந்தால், அச்சகம் பம்பாயை விட்டு இடம் மாறிய பிறகு அச்சான படம் என்று சொல்லிவிடலாம். பாருங்கள், மறுபடியும் அடி ஓரம்தான்.

கல்லச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தனிக் கல். கல்லின் மேல் கையால் புள்ளி வைத்தே நிழலும் வெளிச்சமும் கொண்டுவருவார்கள். அதனால் பூதக்கண்ணாடியில் பார்த்தால் புள்ளிகள் சீராக இருக்காது. ஒன்று பெரிது, ஒன்று சிறிது, கன்னத்தில் நெருக்கம், புடவை மடிப்பில் இடைவெளி என்று கைவேலையின் ஓட்டம் தெரியும். நிறங்களும் நான்கோடு நிற்காது. இந்தக் கால ஆஃப்செட் அச்சில் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு நிறப் புள்ளிகளும் வரிசை தப்பாமல், சின்னச் சின்னப் பூ வட்டங்கள்போல அடுக்கியிருக்கும். இங்க்ஜெட் அச்சில் வட்டமும் இருக்காது, தெளித்த தூசிபோல இருக்கும். பழைய படங்கள் சிலவற்றில் மேலே வார்னிஷ் பூசி, கேன்வாஸ்போலச் சொரசொரப்பும் அழுத்தியிருப்பார்கள். அது பழுத்துப் பழுப்பு மஞ்சளாகியிருக்கும்.

சில வீடுகளில் லட்சுமியின் புடவைக்கு ஜரிகையும் துணியும் ஜிகினாவும் ஒட்டிய படங்கள் உண்டு. படத்தைக் கெடுத்துவிட்டார்களே என்று அதைப் பிரித்துவிடாதீர்கள். அச்சுப் படத்துக்குப் பெண்கள் வீட்டில் உட்கார்ந்து செய்த அலங்காரம் அது. அப்படிப்பட்ட படம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கும்.

காலண்டர் படத்துக்கு ஃபிரேம் போட்டால் மலிவாகத் தெரியாதா?

என் கண்ணுக்கு மலிவாகத் தெரியாது. சி. கொண்டையராஜு (1898–1976) சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், ரமணாசிரமத்தில் சில காலம் இருந்தவர், நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதியவர், கடைசியில் கோவில்பட்டியில் தங்கியவர். பக்கத்தில் சிவகாசி. அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் மீனாட்சியும் சிவகாசியில் அச்சாகி, மளிகைக் கடைக் காலண்டராகத் தமிழ்நாட்டு வீடுகளுக்கெல்லாம் போனார்கள். முருகனை மனதில் நினைத்ததும் நம்மில் பலருக்கு வரும் முகம் அவர் கொடுத்ததுதான். சில படங்களில் கொண்டையராஜுவின் கையெழுத்தோடு சீடரின் பெயரும் சேர்ந்து இருக்கும்.

காலண்டர் படத்தை மாட்டும்போது கடையின் பெயர் இருக்கும் பட்டையை மறைக்காதீர்கள். ‘இன்னார் ஜவுளி ஸ்டோர், கடைத் தெரு’ என்ற அந்த வரி படத்தின் ஊரையும் காலத்தையும் சொல்கிறது. சுற்றிலும் அகலமாக வெள்ளை மவுண்ட் (படத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே வரும் அட்டை) வைத்து, மெல்லிய கறுப்புச் சட்டம் போட்டுப் பாருங்கள்.

வரைபடத்தில் எதைத் தேர்ந்தெடுப்பது?

உங்கள் ஊர் இருக்கும் வரைபடத்தை. உலக வரைபடம் அழகுதான், ஆனால் வீட்டுக்கு வந்தவர்கள் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். தஞ்சாவூர் ஜில்லா வரைபடத்தை மாட்டினால் சித்தப்பா விரலை வைத்துத் தன் ஊரைத் தேட ஆரம்பிப்பார், காபி ஆறிவிடும்.

இந்த மண்ணுக்கு வரைபடக் கதையில் பெரிய இடம் இருக்கிறது. இந்தியா முழுவதையும் முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரிய சர்வேக்கான அடிக்கோட்டை, அதாவது மற்ற அளவுக்கெல்லாம் ஆதாரமான முதல் கோட்டை, வில்லியம் லாம்ப்டன் என்ற ராணுவ அதிகாரி 1802ல் பரங்கிமலைப் பக்கம்தான் போட்டார். ஏழரை மைல் நீளம், சங்கிலி வைத்து அளந்தது. 1808ல் கோணம் அளக்கும் அவருடைய அரை டன் தியோடலைட் கருவியைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது கயிறு விட்டு, கருவி மோதி நசுங்கியது. அவரே உட்கார்ந்து அதைச் சரிசெய்து, வேலையைத் தொடர்ந்தார். தென்னிந்திய வரைபடத்தில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் அந்த முக்கோணக் கோடுகள் தெரியும் பதிப்பு ஒன்று கிடைத்தால், வேறு எதையும் தேடாமல் அதை மாட்டுங்கள்.

எனக்குப் பிடித்த இன்னொன்று, 1964க்கு முந்தைய ராமநாதபுரம் பகுதி வரைபடம். 1914ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு ரயில் பாதை தனுஷ்கோடிவரை ஓடியது, அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். அந்தக் கறுப்புக் கோடு மணல்திட்டின் நுனிவரை போய் நிற்பதை வரைபடத்தில் பார்க்கலாம். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் ஊரும் பாதையும் போயின. இப்போதைய வரைபடத்தில் கோடு ராமேஸ்வரத்தோடு முடிகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினால், பார்க்கிறவர்களுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு சின்ன விஷயம். வரைபடத்தைப் பெரிதாக்கி அச்சடித்தால், அதில் ‘1 அங்குலம் = 1 மைல்’ என்று எழுத்தில் இருப்பது பொய்யாகிவிடும். கோடாக வரைந்த அளவுகோல் மட்டும் படத்தோடு சேர்ந்து பெரிதாகி உண்மையாகவே இருக்கும். எனவே கோட்டு அளவுகோல் உள்ள பதிப்பாக எடுங்கள். எல்லைகளும் ஊர்ப் பெயர்களும் அந்தக் காலத்தவை என்பதால், ஆண்டு தெரியும்படி இருப்பது நல்லது.

பழைய தமிழ்நாட்டுப் புகைப்படங்களும் ஓவியங்களும் எங்கே கிடைக்கும்?

லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி மதராஸ் அரசின் புகைப்படக்காரராக 1858ல் மதுரை, தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டைப் பக்கம் எடுத்த படங்களை முதலில் பாருங்கள். பெரும்பாலும் மெழுகு பூசிய காகித நெகட்டிவில் எடுத்தவை. நேரம் அதிகம் பிடித்ததால், நடந்துபோனவர்கள் படத்தில் பதியவே இல்லை. கோபுரமும் தெப்பக்குளமும் ஆளற்று நிற்கும். வெறுமையாகத் தெரிந்த வானத்தில் நெகட்டிவின் மேலேயே மேகம் தீட்டியிருக்கிறார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பீடத்துக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். வீட்டில் நீளமான நடைவழி இருக்கிறவர்கள் அதில் ஒரு பகுதியை மாட்டிப் பாருங்கள், கல்லெழுத்து கண்ணெதிரே ஓடும்.

அதற்கும் முன்னால் 1792ல் தாமஸ் டேனியல் என்ற ஆங்கிலேய ஓவியரும் அவருடைய சகோதரர் மகன் வில்லியம் டேனியலும் தெற்கே வந்து வரைந்தார்கள். திருமலை நாயக்கர் மகாலும் மாமல்லபுரமும் அவர்கள் பிறகு வெளியிட்ட 144 அச்சுப் படங்களில் உண்டு. அந்தச் சாயங்கால வெளிச்சம் நம் வீட்டு வெள்ளைச் சுவருக்கு மிகவும் ஒத்துப்போகும்.

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியமும் லாஸ் ஏஞ்சல்ஸ் கெட்டி மியூசியமும் உரிமைக் காலம் முடிந்த படங்களைப் பெரிய அளவில் இலவசமாக இறக்கிக்கொள்ள விடுகின்றன. டிரைப்பின் படங்கள் இரண்டிலும் உண்டு. வரைபடங்களுக்கு இணையத்தில் டேவிட் ரம்சே வரைபடத் தொகுப்பு. நம் ஊர் அச்சுப் படம், பாட்டுப் புத்தகம், விளம்பரம் போன்றவற்றுக்குச் சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது.

இணையத்திலிருந்து இறக்கிய படம் அச்சில் தெளிவாக வருமா?

கணக்கு எளிது. கிட்ட நின்று படிக்க வேண்டிய வரைபடத்துக்கு ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும். ஏ3 தாளுக்கு 3508 × 4961, ஏ2 தாளுக்கு 4961 × 7016. தள்ளி நின்று பார்க்கும் ஓவியத்துக்கும் போட்டோவுக்கும் பாதி இருந்தாலே போதும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை அச்சடிக்காதீர்கள், அனுப்பும்போதே அது சுருங்கியிருக்கும்.

தாள் பளபளப்பில்லாததாக இருக்கட்டும். ஃபிளெக்ஸ் வேண்டாம். அதன் பளபளப்பும் வாசனையும் 1858ஆம் வருடத்துக் கோபுரத்தைக் கட்அவுட் ஆக்கிவிடும். பழுப்பு நிறப் போட்டோவைக் கறுப்பு வெள்ளையாக மாற்றச் சொல்லாதீர்கள், அந்தப் பழுப்புதான் அதன் சொந்த நிறம்.

காப்புரிமைச் சிக்கல் வருமா?

இந்தியச் சட்டப்படி ஓவியர் இறந்த பிறகு 60 ஆண்டுகள் உரிமை இருக்கும். ரவி வர்மா, டேனியல், டிரைப் எல்லாம் எப்போதோ பொதுச்சொத்து. கொண்டையராஜு 1976ல் மறைந்தார் என்பதால் 2036 முடியும்வரை உரிமை உண்டு. கையில் இருக்கும் அசல் காலண்டரை மாட்டத் தடையில்லை, நகலெடுத்து விற்பதுதான் தவறு. இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும்: 100 ஆண்டு கடந்த கலைப்பொருட்களை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடை போடுகிறது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்குப் பழைய படத்தைப் பெட்டியில் வைத்து அனுப்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

தாத்தாவின் போட்டோ கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. எடுக்க முடியுமா?

தயவுசெய்து உரிக்காதீர்கள். படத்தைத் தாங்கும் ஜெலட்டின் படலம் ஈரத்தில் இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இழுத்தால் தாள் கையில் வரும், முகம் கண்ணாடியில் நின்றுவிடும். ஓர் உறவினர் வீட்டில் அப்படி ஆன படத்தைப் பார்த்திருக்கிறேன். வேட்டியும் நாற்காலியும் இருந்தன, முகத்தின் இடத்தில் வெள்ளை.

கண்ணாடியோடு அப்படியே படம் எடுங்கள். சட்டத்தைக் கழற்றி, கண்ணாடியின் மேல்பக்கத்தை மட்டும் மெல்லிய துணியால் துடைத்து, ஸ்கேனரில் வையுங்கள். ஸ்கேனர் இல்லையா, சரி: தரையில் படுக்கவைத்து, இரண்டு பக்கமும் சாய்வாக ஒரே மாதிரி வெளிச்சம் வரும்படி விளக்கு வைத்து, நேர் மேலே இருந்து எடுங்கள். உங்கள் நிழலும் செல்போனும் கண்ணாடியில் தெரியாமல் இருக்கக் கறுப்புத் துணியில் ஓட்டை போட்டு, அதற்குள் லென்ஸை வைத்து எடுக்கலாம். அந்த நகலைச் சுவரில் மாட்டுங்கள். அசலைக் கண்ணாடியோடு துணியில் சுற்றி, காய்ந்த அலமாரியில் வைத்துவிடுங்கள்.

ஃபிரேம் கடையில் என்ன சொல்ல வேண்டும்?

வெட்டக் கூடாது என்று முதலில் சொல்லிவிடுங்கள். அப்புறம், கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது. நடுவே மவுண்ட் அட்டை வேண்டும், அது அமிலமில்லாத வகையாக இருந்தால் நல்லது. படத்தைப் பசை போட்டு ஹார்ட்போர்டில் ஒட்டக் கூடாது, செலோடேப்பும் கூடாது. பழைய ஆல்பத்தில் இருப்பதுபோல நான்கு மூலையிலும் காகிதப் பைக்குள் செருகி நிறுத்தினால் போதும். அசல் படத்துக்கு லேமினேஷன் வேண்டவே வேண்டாம், பிறகு ஒருநாளும் பிரிக்க முடியாது. பின்பக்கத்தைச் சுற்றிலும் காகித டேப் ஒட்டி மூடச் சொல்லுங்கள், ராமபாணப் பூச்சி நுழையாது.

எந்தச் சுவர், எவ்வளவு உயரம்?

வெயில் நேரே அடிக்கும் சுவர், குளியலறைக்கு ஒட்டிய சுவர், மழைக்கு ஓதம் காக்கும் சுவர் மூன்றையும் விட்டுவிடுங்கள். வெயில் முதலில் சிவப்பையும் மஞ்சளையும் தின்னும். நீலம் பாரித்த சாமி படங்களைச் சலூனில் பார்த்திருப்பீர்கள், வெயில்தான் காரணம். சட்டத்தின் கீழ் மூலைகள் இரண்டிலும் பின்னால் சின்னக் கார்க் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடும். கடற்கரை ஊர்களில் இதை மறக்கவே கூடாது.

நின்று பார்க்கும் இடத்தில் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் இருந்தால் கண்ணுக்குச் சரியாக வரும். ஊஞ்சலிலோ பாயிலோ உட்காரும் கூடமென்றால் ஒரு சாண் இறக்குங்கள். செட்டிநாட்டு வீடுகளிலும் பழைய ஓட்டு வீடுகளிலும் படங்கள் வாசல் நிலைக்கு மேலே, உத்தரத்தை ஒட்டி, முன்பக்கம் சாய்ந்து வரிசையாகத் தொங்கும். கீழே உட்கார்ந்து நிமிர்ந்து பார்க்கிறவர்களுக்காக அமைந்த சாய்வு அது. வெளிச்சமும் கண்ணாடியில் பட்டுக் கண்ணைக் கூசாது. உயரமான கூடம் இருக்கிறவர்கள் இதை விட்டுவிடாதீர்கள். மேலே இரண்டு ஆணியில் சங்கிலி, கீழே சட்டம் உட்கார இரண்டு மரத் தாங்கிகள், அவ்வளவுதான்.

நிறையப் படங்கள் மாட்டுவதானால், ஒவ்வொன்றின் அளவுக்கும் பழைய செய்தித்தாளை வெட்டிச் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் பார்த்துவிட்டு ஆணி அடியுங்கள்.

வாடகை வீட்டில் ஆணி அடிக்க விடவில்லை. என்ன செய்வது?

ஒட்டும் பட்டைகளை நம்பாதீர்கள், டிஸ்டெம்பர் பூச்சோடு பெயர்ந்து விழும். அலமாரி மேலோ மேசை மேலோ சுவரில் சாய்த்து வையுங்கள். முன்பு குடியிருந்தவர் விட்டுப்போன ஆணிகளை எண்ணிப் பார்த்து, அவற்றுக்கு ஏற்பப் படம் தேர்ந்தெடுப்பதும் நடக்கிற வழிதான்.

சாமி படம், காலமானவர் படம், மற்றவை எல்லாவற்றையும் ஒரே சுவரில் மாட்டலாமா?

இது அவரவர் வீட்டு வழக்கம், பெரியவர்களைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பல வீடுகளில் காலமானவர்கள் படத்தைத் தெற்குச் சுவரில், சாமி படங்களிலிருந்து தள்ளி மாட்டுவார்கள். நான் கடைப்பிடிப்பது, பூஜை செய்யும் படம் பூஜை அறையில், பார்த்து ரசிக்கும் பழைய அச்சு கூடத்தில். விளக்குப் புகையும் கற்பூரக் கரியும் பழைய தாளுக்கு ஆகாது. குங்குமம் வைக்க ஆசைப்பட்டால் கண்ணாடியின் மேல் வையுங்கள்.

வேண்டாத பழைய சாமி படங்களைக் கோயில் மரத்தடியில் வைத்துவிடலாமா?

குப்பையில் போட மனம் வராமல்தான் அங்கே கொண்டுபோய் வைக்கிறோம். அந்த மனசு சரியானதுதான். ஆனால் அரசமரத்தடியில் ஒரு மழைக்கு எல்லாம் கூழாகிவிடும். கொண்டுபோகும் முன் கண்ணாடியைத் துடைத்து, அடி ஓரத்தைப் படியுங்கள். லோனாவாலா என்றோ, ஜெர்மனியில் அச்சிட்டது என்றோ, கோவில்பட்டி ஓவியரின் கையெழுத்தோ இருந்தால் நிறுத்துங்கள். எதுவும் இல்லாவிட்டாலும் நல்ல வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், பட்டையும் சேர்ந்து தெரியும்படி.